எதை மாற்றினால் விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடும்?

கேள்வி: அண்ணே, வேலரண்ட் ஆடும்போது சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்துப் படம் திக்குகிறது. கையில் 400 வெள்ளி இருக்கிறது. ராம் வாங்கவா, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவா?
– ஐந்தாம் படிவ மாணவர், தானா ராத்தா

பதில்: இன்றைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் எந்தப் பாகம் திணறுகிறது என்று கண்டுபிடிப்போம். அதற்குக் காசே தேவையில்லை.

விளையாட்டின் செட்டிங்ஸில் வி-சிங்க், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பு இரண்டையும் அணைத்துவிடுங்கள். ரெசல்யூஷனையும் படத் தரத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கி, அதே மேப்பில் மறுபடி ஆடுங்கள். எஃப்பிஎஸ் கிடுகிடுவென ஏறினால் இதுவரை மூச்சுவாங்கியது கிராஃபிக்ஸ் கார்டு. அசையவே இல்லையென்றால் கார்டு சும்மாதான் இருந்திருக்கிறது. திணறுவது ப்ராசஸர், அல்லது அதற்குத் தீனி போடும் ராம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து சரிபாருங்கள். ஆட்டத்தின் நடுவே கிராஃபிக்ஸ் கார்டு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் சந்தேகமே இல்லை, அதுதான். 50, 60இல் சுற்றிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். ஆனால் “ப்ராசஸர் 30தானே காட்டுகிறது” என்று நிம்மதியாகிவிட வேண்டாம். நான்கு கோரில் ஒன்று மட்டும் முழுக்க நிரம்பினால், மொத்தக் கணக்கில் 25தான் தெரியும். அந்த ஒரு கோர் முடித்துக் கொடுக்கும்வரை மற்றதெல்லாம் காத்திருக்கும். தேயிலைக் கொழுந்து நிறுக்கத் தராசு ஒன்றுதான் என்றால், பறிக்க இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் வரிசைதானே நீளும்?

வேலரண்ட் கார்டை அதிகம் வாட்டாத விளையாட்டு. ப்ராசஸரையும் ராமையும்தான் அது கேட்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாகக் கிடந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதுதான் உங்கள் 400 வெள்ளிக்கு முதல் வேலை. அளவு இரட்டிப்பாவது ஒரு பக்கம். இரண்டு குச்சியும் இரண்டு தடத்தில் ஒரே நேரத்தில் தரவைக் கொடுப்பதுதான் பெரிய லாபம். தனி கார்டே இல்லாமல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு இந்த லாபம் இன்னும் அதிகம்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் ஏறுமா?
– ரிங்லெட் வாசகர்

பதில்: ஏறாது. ஆட்டம் சீக்கிரம் திறக்கும், புது இடத்துக்குள் நுழையும்போது வரும் திக்கல் குறையும். இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அதுவே வாங்கப் போதுமான காரணம்.

கேள்வி: எஃப்பிஎஸ் 100க்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் ஆட்டம் இழுத்து இழுத்து வருகிறது. எதை மாற்றுவது?
– பிரிஞ்சாங் வாசகர்

பதில்: எது இழுக்கிறது என்று உற்றுப் பாருங்கள். மவுஸைச் சுற்றும்போது காட்சி வழுவழுவென்று திரும்புகிறது, ஆனால் எதிராளி இங்கிருந்து அங்கே தாவுகிறான், ஓடிய நீங்கள் பழைய இடத்துக்கே இழுத்துவிடப்படுகிறீர்கள் என்றால் அது இணையக் கோளாறு. எந்தப் பாகத்தை வாங்கிப் போட்டாலும் தீராது. நம் பகுதி ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் சர்வரில்தான் ஆடுகிறோம், தூரம் பெரிதல்ல. பெரும்பாலான வீடுகளில் தொல்லை கடைசிப் பத்து மீட்டரில்தான், இரண்டு சுவர் தாண்டி வரும் வைஃபையில். ரவுட்டரிலிருந்து நேரே ஒரு கேபிள் இழுத்துப் பாருங்கள்.

மவுஸோடு சேர்ந்து மொத்தக் காட்சியும் ஒரு கணம் உறைகிறதா? அப்படியானால் கணினிதான். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லிசெகண்ட். நூறு படத்தில் தொண்ணூற்றெட்டு நேரத்துக்கு வந்து இரண்டு மட்டும் தாமதித்தாலும் கண் கண்டுகொள்ளும், சராசரி காட்டிக்கொடுக்காது. ராம் நிரம்பி, கணினி டிஸ்கில் இடம் தேடும்போதுதான் பெரும்பாலும் இப்படி நடக்கும். ஆடுவதற்கு முன் ப்ரௌசரை மூடிவிட்டுப் பாருங்கள். திக்கல் நின்றால், வாங்க வேண்டியது ராம்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளிரில் கூலருக்குச் செலவு செய்ய வேண்டுமா?
– ஹாபு வாசகர்

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே தாப்பாவில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. காற்று லேசாகிவிடுவதால், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகும் வெப்பம் குறையும். ஆனால் அந்தக் காற்றே கீழ்நாட்டைவிடப் பத்து டிகிரி குளிர்ச்சி. கூட்டிக் கழித்தால் மலைக்காரர்களுக்கே லாபம். ப்ராசஸரோடு வந்த கூலர் பெரும்பாலும் போதும்.

உங்களுக்கு எதிரி ஈரம். மூடுபனி இறங்கும் வீட்டில் தூசி உதிர்வதில்லை, கூலரின் தகடுகளுக்கிடையே கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு எஃப்பிஎஸ் விழுகிறதா? சூடு தாங்காமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை எடுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வையுங்கள். இதைச் செய்யாமல் புதுக் கார்டு வாங்கக் கூடாது என்பேன்.

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகன் 1,500 வெள்ளிக்குக் கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறான். படிப்புக்குத் தேவை என்கிறான். உண்மையா ஐயா?
– ஒரு தாய், கேமரன் மலை

பதில்: பள்ளிப் பாடத்துக்குத் தேவையில்லை அம்மா. வீடியோ எடிட்டிங், அனிமேஷன் மாதிரி ஏதாவது உண்மையிலேயே கற்றுக்கொண்டிருந்தால் மட்டும் அது உதவும். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. கிட்டத்தட்ட ஒரு மாத உழைப்பை ஒரு அட்டையில் போடுவதற்கு முன், அதற்கான காரணத்தை அவன் காட்ட வேண்டும். மேலே தானா ராத்தா தம்பிக்குச் சொன்ன சோதனையை உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். கணினி மெதுவாக இருந்தால் எஸ்எஸ்டியும் ராமும் படிப்புக்கும் ஆகும், ஆட்டத்துக்கும் ஆகும். விளையாட ஆசைப்படுவது குற்றமில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை விளையாடத்தான் என்றே கேட்பான்.

கேள்வி: ஈப்போவில் பழைய ஆபீஸ் கணினி வாங்கினேன். ஆறாம் தலைமுறை ஐ5. எந்தக் கார்டு போடலாம்?
– கம்போங் ராஜா வாசகர்

பதில்: மூடியைக் கழற்றி முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். இந்த வகைக் கணினிகள் பலவற்றில் கார்டுக்கென்று தனி மின்வயரே இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அந்த வரம்புக்குள் ஓடும் கார்டுதான் உங்களுக்கு: ஜிடிஎக்ஸ் 1650இல் தனி வயர் கேட்காத வகை, அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. பெட்டி ஒல்லியாக இருந்தால் குட்டையான கார்டாகக் கேட்டு வாங்குங்கள்.

ப்ராசஸரை மாற்றும் யோசனை இருந்தால் கவனம். உங்கள் போர்டு ஏழாம் தலைமுறைவரை மட்டுமே ஏற்கும். எட்டாம் தலைமுறைச் சிப் அளவில் ஒத்துப்போகும், ஆனால் உயிர் வராது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பதும் அந்த எட்டாம் தலைமுறையைத்தான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எனவே இந்தக் கணினியில் கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கார்டை நாளைக்கு வேறு கணினிக்கு மாற்றலாம். ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பி450 போர்டிலேயே பயாஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600 போடலாம்.

கேள்வி: ராம் விலை ஏன் இப்படி எகிறியது?
– தாப்பா வாசகர்

பதில்: செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. தயாரிப்பாளர்களும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். பொதுமக்களுக்கான தன் க்ரூஷியல் பிராண்டு விற்பனையையே நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பழைய டிடிஆர்4 குச்சி தாராளமாக வாங்கலாம். விற்பவர் எதிரிலேயே மெம்டெஸ்ட்86 ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: புதுக் கார்டு போட்டும் எஃப்பிஎஸ் ஒன்றுகூட ஏறவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– தானா ராத்தா வாசகர்

பதில்: அவரைத் திட்டுவதற்கு முன் கணினியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் வயர் இன்னும் மதர்போர்டிலேயே செருகியிருக்கும். கழற்றிக் கார்டில் செருகுங்கள். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால், விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அது 60இலேயே நிற்கிறதா என்றும் பார்த்து மாற்றிவிடுங்கள்.