பூச்சியமும் நூறும்: தரவுத்தளத்தின் மனநிலை குறித்த ஓர் ஆய்வு

கோபோல், சி முதலிய மொழிகளில் எழுதிய நிரலுக்குள் எஸ்கியூஎல் கட்டளையைப் பொதித்து அனுப்பினால், தரவுத்தளம் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எஸ்கியூஎல்கோடு என்னும் அவ்வெண்ணின் குணநலன்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் உலகுக்கு விளையும் பயன் யாது என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதற்கண் இலக்கணம். பூச்சியம் என்றால் வேலை முடிந்தது. கழித்தல் குறியோடு வந்தால் பிழை. கூட்டல் எண் வந்தால் எச்சரிக்கை: காரியம் நடந்தது, கூடவே ஒரு முணுமுணுப்பும் உண்டு. இவ்விதிக்குப் புறனடை 100. கேட்ட பதிவு ஒன்றுகூட இல்லை என்பதே அதன் பொருள். வெறுங்கையோடு திரும்பியவனுக்கு நூறு போடும் தேர்வு இது ஒன்றுதான். ஆனால் பழிக்கவும் முடியாது; கர்சர் வைத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுழல், இந்த நூறைக் கண்டால்தான் நிற்கும்.

இனி, கழித்தல் குலம். ஐபிஎம்மின் டிபி2 தரவுத்தளத்தில் -803 வந்தால், அதே சாவியோடு ஒரு பதிவு ஏற்கெனவே குடியிருக்கிறது. -811 வந்தால், ஒன்று கேட்ட இடத்தில் பல வந்து நிற்கின்றன. இல்லாமைக்கு நூறு, மிகுதிக்குத் தண்டனை! இரண்டு நிரல்கள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்துக் கிடந்தால், ஒன்றைப் பலியிட்டு -911 தந்து, அதுவரை செய்த மாற்றங்களையும் தரவுத்தளமே விலக்கிவிடும். தம்பி -913க்கு அவ்வளவு பொறுப்பில்லை. விலக்குவதை நிரலின் தலையில் கட்டிவிடும்.

வட்டார வழக்கும் உண்டு. டிபி2வின் 100, ஆரக்கிள் தரவுத்தளத்தின் இயல்பு வழக்கில் 1403. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1992ஆம் ஆண்டு எஸ்கியூஎல் தரநிலை, எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. முதல் இரண்டெழுத்து இனம்: 00 நலம், 01 எச்சரிக்கை, 02 ஒன்றுமில்லை, 23 கட்டுப்பாட்டு மீறல். 1999இல் தரநிலை பழைய எண்ணைக் கைவிட்டது, நிரலாளர்கள் கைவிடவில்லை.

ஆய்வின் உச்சம் வென்எவர். பிழை வந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று ஒருமுறை எழுதிவைக்கும் வசதி அது. நிரல் எந்த வழியாக ஓடுகிறது என்று பாராமல், தனக்குக் கீழே எழுதப்பட்ட கட்டளைகளையெல்லாம், அதே வகை வென்எவர் இன்னொன்று வரும்வரை, அது ஆளும். அவ்விடமாகிய பிழைப் பகுதியில் வழக்கமாக, செய்த மாற்றங்களை விலக்கும் ரோல்பேக் கட்டளை இருக்கும். அந்த ரோல்பேக்கே தோற்றால், ஆணைப்படி நிரல் பிழைப் பகுதிக்கே போகும். அங்கே ரோல்பேக், தோல்வி, மறுபடி பிழைப் பகுதி. இதற்கு முடிவே இல்லை. ஆகவே அப்பகுதியின் முதல் வரியிலேயே, எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் மேலே நட என்று இன்னொரு வென்எவர் எழுதவேண்டும். ஆரக்கிளின் புரோ சி கையேடு இதைத் தனியே எச்சரிக்கிறது.