துரு மாறாக் கோட்பாடு: மிச்சிகன் கார் ஷெட்டுகளில் மஸ்டாங் மீட்பு

துருப்பிடித்த பழைய அமெரிக்கக் காரை வீட்டில் வைத்துப் புதுப்பித்தலாவது, ஓடாத வண்டியை ஷெட்டுக்குள் ஏற்றி, ஓடுகிற வண்டியை வெளியே நிறுத்துவது. கையேடுகள் இவ்விலக்கணத்தின் முற்பாதியை மட்டும் விரித்துரைத்துப் பிற்பாதியை விட்டுவிடுகின்றன. பிற்பாதி இல்லாமல் இத்துறை விளங்காது என்பதே இங்கே நிறுவப்படும் துணிபு. சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங். களம், மிச்சிகன் மாநிலம்.

இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. டெட்ராய்ட் நகரின் தென்மேற்கில், தரைக்கு 1,100 அடிக்கும் கீழே, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்பு பாறையாகக் கிடக்கிறது. 1910 வாக்கில் அங்கே சுரங்கம் இறங்கியது. இன்று அந்த உப்பு, குளிர்காலத்தில் சாலைப் பனிக்கட்டியை உருக்கத் தூவப்படுகிறது. பக்கத்து டியர்பார்னில் ஃபோர்டு ஆலை எஃகுத் தகட்டை மஸ்டாங்காக மாற்றிக்கொண்டிருந்தபோது, அதைத் தின்ன வேண்டியது பூமிக்கடியில் முன்னமே தயாராக இருந்தது. படைத்தலும் அழித்தலும் ஒரே வட்டாரத்தில் செவ்வனே நடைபெற்றதால், காத்தல் மட்டும் தனியார் பொறுப்பில் விடப்பட்டது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு அந்த நீரை நல்ல மின்கடத்தியாக்கி வேலையை விரைவுபடுத்துகிறது. உண்டாகும் துரு, தின்னப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஆகையால் ஒட்டிய இரு தகடுகளுக்கு நடுவே புகுந்த துரு அவற்றைப் பிளந்துகொண்டு புடைக்கிறது. பெயின்டின் மேல் கடுகளவு கொப்புளமாக முதலில் தெரிவது இதுதான். அடியில் இருப்பது எவ்வளவு என்பது குத்திப் பார்க்கும்வரை தெரியாது. குத்திப் பார்த்தவர் எவரும் அத்துடன் நிறுத்தியதாகச் சான்று இல்லை.

மஸ்டாங்கின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது அறிமுகமானது 1964 ஏப்ரல் 17 அன்று, நியூயார்க் உலகக் கண்காட்சியில். அடிப்படை விலை 2,368 டாலர். இரண்டு ஆண்டு நிறையுமுன் பத்து லட்சம் வண்டிகள் வெளிவந்துவிட்டன. இன்றைய துருவுக்கெல்லாம் அதுவே மூலதனம். ஆண்டின் நடுவில் பிறந்ததால், முதல் சில மாதத்து வண்டிகளை அன்பர்கள் ‘1964½’ என்பர். ஃபோர்டு நிறுவனமோ அனைத்துக்கும் 1965 என்றே எண்ணிட்டது. அரை ஆண்டு என்று எந்தக் காலண்டரிலும் இல்லையே என்று மறுப்போர்க்கு, அரை ஆண்டினர் காட்டும் சான்று டைனமோ. 1964 கோடைவரை கட்டிய வண்டிகளில் டைனமோ இருந்தது, பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. டைனமோ உள்ள வண்டியில், எஞ்சின் மெல்ல ஓடும்போது விளக்கு மங்கும். அந்த மங்கலும் தொன்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்படும்.

ஓட்டுநர் கதவிலுள்ள தகட்டைப் படிப்பது அடுத்த பணி. அடையாள எண்ணின் முதல் இலக்கமான 5, ஆண்டைக் குறிக்கும். அடுத்த எழுத்து ஆலை: எஃப் எனில் டியர்பார்ன், ஆர் எனில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே. பிறகு 07 என்றிருந்தால் நிலையான கூரை, 08 என்றால் மடக்குக் கூரை. அதன்பின் வரும் எழுத்து எஞ்சினைச் சொல்லும். ‘கே’ என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட அரிய எஞ்சின். தகட்டைத் துடைக்கும் ஒவ்வொருவரும் அந்த எழுத்தை எதிர்பார்த்தே துடைக்கிறார், ஆனால் தகடுகள் இணங்குவதில்லை. இதே எண் எஞ்சின் அறையின் பக்கத் தகட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்தால் மூலபாடம் எனக் கொள்க. ஒவ்வாவிடில், கதவு வேறொரு வண்டியுடையது. அல்லது வண்டி வேறொரு கதவினுடையது.

இனி இடைச்செருகல். அறுபது ஆண்டுகளில் வண்டி பல கை மாறியிருக்கும். ஒவ்வொருவரும் தம் புலமைக்கு ஏற்பப் பாடத்தைத் திருத்தியிருப்பர். துளையில் பட்டி அப்பியவர், தகரத்தை ரிவெட் அடித்து மூடியவர், பழைய நம்பர் பிளேட்டையே ஒட்டுப்போட்டவர், செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து மேலே தார் பூசியவர் என இவர்கள் நால்வகையினர். ஆய்வாளர்க்கு உதவியாக இருப்பவர் கடைசி வகையினரே. செய்தித்தாளில் தேதி இருக்கும். பட்டி அப்பியவரைக் கண்டுபிடிக்கக் காந்தம் வேண்டும். பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்த கலவை. காந்தம் அதைப் பிடிக்காது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வண்டியின் உடல்மீது நகர்த்திச் சென்றால், அது நழுவும் இடமெல்லாம் முந்தைய உரிமையாளரின் உரை என்று அறியலாம். சில வண்டிகளில் காந்தம் கூரையில் மட்டுமே நிற்கும்.

மஸ்டாங் துருவின் தலையூற்று, முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ளது. அங்கே காற்று நுழையும் துளைவரிசையும், அதன் அடியில் இரு தகடுகளை ஸ்பாட் வெல்டிங் செய்து அமைத்த பெட்டியும் உண்டு. பெட்டிக்குள் காற்றுவழியின் வாய் விளிம்பு கட்டி உயர்ந்திருக்கும். மழைநீர் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வடிந்துவிடும் என்று வடிவமைத்தோர் நம்பினர். இலைச் சருகை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. சருகு சேர்ந்து ஈரம் தங்கி விளிம்பின் அடி அரித்ததும், மழைநீர் நேரே காலடிக் கம்பளத்துக்கு வருகிறது. கம்பளத்தின் கீழே சணல் விரிப்பு. அது குடித்த நீரை எளிதில் விடாது. ஆக, மேலே கட்டைவிரல் அளவு துளை, கீழே தரையே இல்லை.

இதைக் கண்டறியும் முறை எளிது. ஒருவர் தோட்டத்துக் குழாயால் துளைவரிசையில் நீர் விட வேண்டும். மற்றொருவர் டேஷ்போர்டின் அடியில் டார்ச்சுடன் மல்லாந்து படுக்க வேண்டும். இரண்டாமவர் பெரும்பாலும் மைத்துனர். அவர் முகம் நனைந்தால் முடிவு உறுதி. அதன்பின் பானெட், முன் மட்கார்டுகள், கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அடைக்க வேண்டிய துளைக்கும், அதற்காக அவிழ்க்க வேண்டிய வண்டிக்கும் அளவில் எந்தப் பொருத்தமும் இல்லை என்பது இத்துறையின் முதல் விதி.

அவிழ்க்கும்போது போல்ட்டுகள் அசையா. இதற்கு அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயையும் சமபங்காகக் கலந்து விடுவது வீட்டு வைத்தியம். பிறகு சூடு காட்டுவது. பிறகு தலை முறிவது. முறியாமல் வந்தவற்றைச் சிறு பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ‘இது எது’ என்று எழுதிய பை எல்லா ஷெட்டிலும் ஒன்றாவது இருக்கும். நாளடைவில் அதுவே பெரிய பையாகும்.

சிறு பாகங்களின் துருவை நீக்க மின்பகுப்பு முறை சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் நீர், அதில் சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் எதிர்முனை பாகத்துக்கு, நேர்முனை வேண்டாத இரும்புத் துண்டுக்கு. ஹைட்ரஜன் வெளிவருமாதலால் காற்றோட்டமான இடம் தேவை. நேர்முனையில் எவர்சில்வரைக் கட்டினால் நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும் என்பதால் அது விலக்கப்பட்டது. சமையலறைப் பாத்திரங்கள் இத்துறையிலிருந்து தப்பியது இவ்வேதியியலால்தான். பொறுமையுள்ளவர்கள் மொலாசஸ் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பாகங்களை வாரக்கணக்கில் ஊறப்போடுவதும் உண்டு. துரு போகும். வாடையைப் பற்றி வீட்டார் சொல்வது வேறு.

தரையை வெட்டும் படலம் ஆபத்தானது. மஸ்டாங்குக்கு அடியில் தனிச் சட்டம் கிடையாது; தரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்தே வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் புதுத் தரை அருமையாக அமையும், கதவு ஆயுளுக்கும் சாத்தாது. பெட்ரோல் டேங்கையும் முதலில் இறக்கிவிட வேண்டும். இந்த வண்டியில் டிக்கியின் தரையாக இருப்பதே டேங்கின் மேல்பக்கம். வெல்டிங் பொறி அதை அறியாது. மெல்லிய தகட்டில் நீளமாக ஓட்டினால் சூட்டில் நெளியுமாதலால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து ஆறவிட வேண்டும். எதுவரை வெட்டுவது? நல்ல இரும்பு வரும்வரை என்பது மரபு. நல்ல இரும்பு சில வேளை அடுத்த வண்டியில்தான் வருகிறது. 2011இல் மடக்குக் கூரை மஸ்டாங்குக்கு ஃபோர்டின் உரிமத்துடன் புத்தம்புது உடற்கூடே விற்பனைக்கு வந்தது, விலை 15,000 டாலர். மூலச்சுவடி முழுவதையும் செல் தின்றுவிட்டால் புதிய ஏட்டில் எழுதிக்கொள்ளலாமா என்ற பழைய பதிப்பியல் வினா, அன்று முதல் விலைப்பட்டியலில் இடம்பெறுகிறது.

பதிப்பாசிரியர் இருசாரார். மூலபாடத்தார், ஆலையில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்பர். பரிசோதகர் சாக்கட்டியால் கிறுக்கிய குறியையும், அடித்தட்டில் தாறுமாறாகத் தெறித்த பெயின்டையும் அளவெடுத்துத் திரும்ப வரைவர். 1965இல் ஒரு தொழிலாளி ஒரு நொடியில் செய்த கவனக்குறைவை இவர்கள் ஒரு வார இறுதி முழுவதும் கவனத்துடன் செய்கிறார்கள். மற்றச் சாரார், ஐந்து கியரும் டிஸ்க் பிரேக்கும் ஏ.சி.யும் வைத்துக்கொள்வர். அடிப்படை மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எண்ணெய்க்கு ஒரே அறை; ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயிற்று. எனவே இரண்டாம் சாராரின் பதிப்பு பிழைபட்டது, ஆனால் நிற்கும்.

இதற்கிடையே வெளியே நிற்கும் வண்டியைக் கவனிக்க வேண்டும். அது தினமும் வேலைக்குப் போய், உப்புச் சாலையில் நனைந்து, இரவெல்லாம் பனியில் நிற்கிறது. வார இறுதியில் அதைக் கழுவ வேண்டிய நேரம், உள்ளே உப்புத்தாள் தேய்ப்பதில் போகிறது. ஷெட்டுக்குள் துரு குறையக் குறைய வாசலில் அது கூடுகிறது. ஒரு வீட்டிலுள்ள துருவின் மொத்த அளவு மாறாது, வண்டி மட்டுமே மாறும். இதுவே துரு மாறாக் கோட்பாடு. ஷெட்டைப் பெரிதாக்கினால் இது பொய்க்கும் என்போர் உண்டு. பெரிதாக்கியவர்கள் இரண்டாவது மஸ்டாங் வாங்கினர்.

பெயின்ட் அடிப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இக்காலப் பெயின்டுக்கான ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. வெளியே கொடுத்து அடிப்பதே அறிவு.

வேலை முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சென்றால், பழம்பொருள் வண்டிகளைக் காப்பீடு செய்வோர், அன்றாடப் பயணத்துக்கு வேறு வண்டி இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். ஆக, உப்பில் நிற்கும் வண்டி ஒப்பந்தப்படியும் தேவையாகிறது. மிச்சிகனில் 25 ஆண்டு கடந்த வண்டிக்கு வரலாற்று வாகன நம்பர் பிளேட் கிடைக்கும். அதை மாட்டினால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் எங்கும் ஓட்டலாம். 1995 முதல் டெட்ராய்ட் பக்கத்து உட்வர்டு சாலையில் பழைய கார்கள் திரண்டு ஊர்வதும் அந்த மாதத்தில்தான். ஆகஸ்டில் சாலையில் உப்பில்லை. பிற மாதங்களில் இயந்திரச் சோதனைக்காக ஓட்டவும் சட்டம் இடம் தருகிறது. எனவே அக்டோபரில் மஸ்டாங்கில் பால் வாங்கப் போகிறவரை நிறுத்தி எதைச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டால், பிரேக்கை என்று சொல்லலாம். மூலபாடத்தார் வண்டியாக இருந்தால் அது பொய்யாகவும் இராது.