முன்னமே கேட்டவர்

ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். சொன்னால், "இதையா சார் இப்பதான் கேக்கறீங்க? ஆயிரம் வியூஸ்கூட தாண்டாதப்பவே நான் கேட்டுட்டேன்" என்பார். நீங்கள் கேட்டது நேற்றுதான் வெளிவந்த பாட்டு என்றால், அவர் அதன் டெமோவைக் கேட்டிருப்பார். டெமோவே போடாமல் வந்த பாட்டு என்றால், பாடியவர் கல்லூரி விழாவில் அதை முணுமுணுத்தபோது மேடைக்குக் கீழே நின்றிருப்பார். ஊரில் மற்றவர்கள் மனை வாங்குகிறார்கள், நகை வாங்குகிறார்கள். இவர் சேர்த்து வைத்திருக்கும் ஒரே சொத்து, 'நான் முன்னமே கேட்டேன்' என்பதுதான். ஆகவே அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முன்னமே கேட்டவர்.

முப்பதைத் தாண்டி நாற்பதைத் தொடாத வயது. கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்போன். காதில் மாட்டிக்கொள்ள மாட்டார். மாட்டினால் நாம் பேசுவது கேட்காது, நாம் பேசுவது கேட்காவிட்டால் நம்மைத் திருத்த முடியாது. டி-சர்ட்டில் ஏதோ ஓர் இசைக்குழுவின் பெயர், முள்ளும் கொடியுமாகப் படிக்க முடியாத எழுத்தில் இருக்கும். அது யார் என்று கேட்டால் மகிழ்ந்துபோவார். "தெரியுமே, நானும் கேட்பேன்" என்று சொல்லிவிட்டால், அந்த டி-சர்ட்டை அப்புறம் அவர் மேல் பார்க்க முடியாது.

சினிமாப் பாட்டு அவருக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். குளிக்கும்போது இளையராஜாதான். குளித்துவிட்டு வெளியே வந்ததும் 'இண்டி' ஆகிவிடுவார். தமிழ்நாட்டில் பாட்டுக்கு நெடுங்காலமாக மூன்று வாசல்கள்தான்: சினிமா, கோயில், சபா. நான்காவதாக ஒரு வாசலைத் திறந்துகொண்டு வருகிறவர்களை மாலையோடு வரவேற்பது தம் பொறுப்பு என்று அவராகவே எடுத்துக்கொண்டார்.

அந்த வாசலின் தலபுராணம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்ததிலிருந்து ஆரம்பிப்பார். அதில் ஊரெல்லாம் பிடித்துக்கொண்ட பாட்டு, இளையராஜாவின் 'நிழல்கள்' படப் பாட்டை எடுத்து மறுபடி செய்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அடுத்து, 2011-இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. பிறகு 2015-இல் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் ராப் பாடி, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்காக 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடியது. இங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"எழுதினது கபேர் வாசுகி சார். கிருஷ்ணா கண்ணுல படறதுக்கு முன்னாடியே நான் கபேர் பாட்டு கேட்டிருக்கேன்."

சங்கீத கலாநிதியே ஆனாலும் சரி, தனக்கு முன்வரிசையில் உட்கார விடமாட்டார்.

வரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடை ஏறியது. கானா, பறை, கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில். நம்மவர் முதல் வரிசையில் நின்று பார்த்தாராம். எனக்குத் தெரிந்த வேறு சில முன்னமே கேட்டவர்களும் அன்றைக்கு முதல் வரிசையில்தான் நின்றதாகச் சொல்கிறார்கள். கூட்டத்தில் மைதானம் நிரம்பி வழிந்தது உண்மை. இரண்டாவது வரிசையில் நின்ற ஒருவரைத்தான் இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

கண்டுபிடிப்பது பாதி வேலை. மீதி, பகிர்வது. அவருடைய லிங்க் இரவு பதினொன்றரைக்கு மேல்தான் வரும். கூடவே மூன்று நிபந்தனைகளும் வரும். "ஹெட்போன் இல்லாம கேக்காதீங்க சார். லைட்டை அணைச்சிட்டுக் கேளுங்க. மூணாவது நிமிஷம் வரைக்கும் பொறுமையா இருங்க." பாட்டின் நீளம் நாலு நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் "கேட்டீங்களா?" என்று அடுத்த செய்தி வந்துவிடும். கட்டைவிரல் படம் அனுப்பினால் அவமானப்படுத்தியதாக எடுத்துக்கொள்வார். 'நல்லா இருக்கு' என்று எழுதினால் அதைவிட மோசம், "வெறும் நல்லா இருக்கா?" என்று கேட்டு, அந்தப் பாட்டில் நீங்கள் கவனிக்கத் தவறியவற்றை நள்ளிரவு தாண்டியும் விளக்குவார். அவர் எதிர்பார்க்கிற பதில் ஒன்றே ஒன்று: "எங்க பிடிச்சீங்க இதை?" இதை எழுதிவிட்டு நீங்கள் பாட்டைக் கேட்காமலே தூங்கப் போகலாம்.

நேரில் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது. ஒரு இயர்பட்டை உங்கள் காதில் சொருகிவிட்டு, புது மருமகள் மாமனாரின் முதல் கவளத்தைப் பார்ப்பதுபோல உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புருவம் அசைந்ததா, தலை ஆடியதா என்பதெல்லாம் கணக்கு. "இப்ப வரும் பாருங்க... இதோ... அந்த பேஸ் கேட்டுச்சா?" என்பார். அவர் பேசியதில் பேஸ் காதில் விழுந்திருக்காது. "கேட்டுச்சு தம்பி, பிரமாதம்" என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

வீடியோ என்றால் இன்னும் விசேஷம். அவர் அனுப்புகிற வீடியோக்களுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. படம் பழைய டிவி அளவில் சதுரமாக இருக்கவேண்டும். நிறம் மங்கி, மேலே புள்ளி புள்ளியாக விழவேண்டும். மொட்டை மாடியில் புடவை காயவேண்டும். புடவைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் காரணம் சொல்லாமல் ஓடவேண்டும். கடைசியில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் பாடகர் தனியாக நிற்க, கடலில் சூரியன் மெல்ல மறையவேண்டும். கிழக்குக் கரையில் சூரியன் எப்படிக் கடலில் மறையும் என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். விடியற்காலையில் எடுத்துப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்களாம். பாடகர் கண்ணில் தெரிந்தது காதல் சோகம் என்று நினைத்திருந்தேன்; தூக்கக் கலக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. "பட்ஜெட் எவ்வளவு தெரியுமா சார்? கேமராகூட ஃப்ரெண்டுது!" என்றார். அவர் பெருமைப்பட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காசில் சினிமாக்காரர்கள் புடவையைத் துவைக்கக்கூட மாட்டார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. "எங்க வீட்ல காபி வர்றதுக்கு முன்னாடி லிங்க் வந்துடும்ணா" என்கிறார் அவர் மனைவி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் போடுகிற பாட்டுக்கு மைத்துனர் பதில் போடமாட்டார், சித்தப்பா அடுத்த நிமிடமே சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியம் போடுவார். விடாமல் பதில் போடுகிற ஒரே ஆள் அவர் அம்மா. அரசாங்கத்தை நார் நாராகக் கிழிக்கும் ராப்புக்கும் சரி, காதலியைத் திட்டித் தீர்க்கும் ராக்குக்கும் சரி, கூப்பிய கைகளும் 'வாழ்க வளமுடன்' என்ற வாசகமும் தவறாமல் வந்து சேரும். தமிழ் இண்டி உலகுக்கு இத்தனை விசுவாசமான ரசிகை வேறு யாரும் இருக்க முடியாது.

டிசம்பரில் மற்றவர்கள் சபா கேண்டீன்களில் வரிசை கட்டும்போது, இவர் நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் 'மார்கழியில் மக்களிசை'க்குப் போவார். போய் ரசிப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கண் மேடையில், இன்னொரு கண் பக்கத்தில் நிற்பவர் பாட்டின் வரிகளைத் தெரிந்து பாடுகிறாரா என்பதில் இருக்கும். தெரிந்து பாடினால் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பார்.

இப்படிப்பட்டவருக்கும் வாழ்க்கையில் துன்பம் வரும். அவர் அனுப்பிய பாட்டு ஓடிவிடும்.

2021 மார்ச் 7-ஆம் தேதி 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. வெளியான அன்றைக்கே அலுவலகக் குழு, அடுக்ககக் குழு, பள்ளித் தோழர்கள் குழு என்று ஒன்று விடாமல் போட்டு, "இதை நாடே கேக்கணும்" என்று எழுதினார். நாடு கேட்டுவிட்டது. யூட்யூப் எண்ணிக்கை கோடிகளில் ஓடியது. ஷேர் ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளி ஆண்டுவிழாவில் எங்கே போனாலும் அதுதான். மனிதர் இளைத்துப்போனார்.

"எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க சார்."

"நீங்கதானே தம்பி எல்லாரையும் கேக்கச் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். அதுக்காக இவ்வளவு பேரா?"

2024 ஜனவரியில் 'கட்சி சேர' வந்தபோதும் இதே கதைதான், கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்தது. "யாரோ புதுப் பையன் சார், சாய் அபயங்கர்னு பேரு, நான்தான் பிடிச்சேன்" என்று வந்து நின்றார். "திப்பு - ஹரிணியோட பையன்தானே?" என்றாள் கேண்டீனில் டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண். நம்மவர் முகம் சுருங்கிவிட்டது. யாருக்கும் தெரியாத கலைஞர் என்றால் அவருடைய அப்பா அம்மாவையும் யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

ஆனால் அவரை நிஜமாகவே வீழ்த்தியவர் எங்கள் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வூதியக் கடிதம் ஒன்றுக்காக வந்திருந்த பெரியவர். நம்மவர் நான்காவது வாசலின் புராணத்தை 2006-லிருந்து ஆரம்பித்ததும் பெரியவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, சிலோன் மனோகர் 'சுராங்கனி' கேட்டிருக்கீங்களா?"

"அது 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல வந்ததுதானே சார்? 1977."

"அது படத்துல வந்தது அப்புறம். நான் படத்துக்கு முன்னாடியே இலங்கை வானொலில கேட்டவன்."

நம்மவர் எச்சில் விழுங்கினார். பெரியவர் விடவில்லை. "இளையராஜா 1986-ல 'ஹவ் டு நேம் இட்' போட்டார். சினிமாவுக்கு வெளியே போட்ட ஆல்பம். கேசட் கடைக்கு வந்ததுமே வாங்கினேன். இன்னும் வீட்ல பத்திரமா இருக்கு. போட்டுக் கேக்கத்தான் டேப்ரெக்கார்டர் இல்ல." அதற்குமேல் அங்கே வாதம் நடக்கவில்லை. கடிதம் வாங்கிக்கொண்டு பெரியவர் போகும்போது நம்மவர் கேட்டைத் தாண்டி ஆட்டோ வரைக்கும் கூடவே போனார். இருவரும் எண்களை மாற்றிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. இப்போது பெரியவருக்கும் நள்ளிரவில் லிங்க் போகிறது. அவர் பதிலுக்கு, அதற்கும் முந்தையது ஒன்றை அனுப்புகிறாராம்.

கேலி போதும். இந்த மனிதர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லவேண்டும். சினிமாப் பாட்டுக்குப் பின்னால் ஒரு நடிகர் நிற்கிறார், தயாரிப்பாளர் நிற்கிறார், இசை வெளியீட்டு விழா நடக்கிறது. தன் அறையில் உட்கார்ந்து, தன் காசில் பாட்டு எழுதிப் பதிவு செய்த பிள்ளைக்குப் பின்னால் நிற்பது நாற்காலி மட்டும்தான். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஒரு பாட்டை 30 வினாடியாவது கேட்டால்தான் அது கணக்கில் சேரும். 2024 முதல் அங்கே இன்னொரு விதியும் வந்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசாவும் கிடையாது. அந்த முதல் ஆயிரத்தை யார் கொண்டுவருவது? விளம்பரப் பலகை இல்லை, நாயகன் ஆட்டம் இல்லை. நம்மவரைப் போன்றவர்கள் இரவு பதினொன்றரைக்கு நம்மைத் தொந்தரவு செய்துதான் அது நிரம்புகிறது.

அவரே தம்மை ஜான் பீலுடன் ஒப்பிட்டுக்கொள்வார். இங்கிலாந்தில் பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை யாரும் கேள்விப்படாத குழுக்களைத் தேடிப்பிடித்து ஒலிபரப்பியவர் பீல். 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டு பிடித்துப்போனதில் 1978-இல் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டவர். பாட்டைத் தாம் முதலில் கேட்டதில் பீலுக்கு நிறைவு வரவில்லை. நாட்டுக்கே இரண்டு தரம் போட்டுக் காட்டிய பிறகுதான் வந்தது. நம்மவரிடம் இதைச் சொன்னால், "அவர்கிட்ட ரேடியோ இருந்துச்சு சார், என்கிட்ட அடுக்ககக் குழுதான் இருக்கு" என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை.

அவரிடம் எனக்கு ஒரே குறைதான். ஹெட்போனுக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தவர், பாட்டுக்குக் கொடுப்பதில்லை. கேட்பது மைத்துனரின் குடும்பக் கணக்கில். கச்சேரி என்றால் "கெஸ்ட் லிஸ்ட்ல பேர் போடச் சொல்லியிருக்கேன்". கோடிக்கணக்கில் எண்ணிக்கை ஏறிய 'எஞ்சாய் எஞ்சாமி'யிலிருந்தே தங்களுக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றால், ஆயிரம் பேர் கேட்ட பாட்டைப் பாடியவர் வாடகை எப்படிக் கொடுப்பார்? பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம் இருக்கிறது. அங்கே பாட்டைக் காசு கொடுத்து வாங்கலாம். அதில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி கலைஞருக்கு. நம்மவருக்கு இது முன்னமே தெரியும். தெரிந்தது எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அதனால் அவருக்கு ஒரு வார்த்தை: தம்பி, முன்னமே கேட்டது போதும், முன்னமே டிக்கெட்டும் வாங்குங்கள். வாசகருக்கும் ஒரு வார்த்தை: நள்ளிரவில் இப்படி ஒருவர் அனுப்பிய லிங்க் வந்தால் எரிச்சல்படுங்கள், தப்பில்லை. ஆனால் மூடுவதற்கு முன் 30 வினாடி கேட்டுவிட்டு மூடுங்கள். அதற்குக் குறைந்தால் கணக்கில் வராது.