பொடக்காலியும் புளிக்குழம்பும்: சேலம், நாமக்கல் சமவெளியில் சமையலைத் தீர்மானிப்பது யார்?

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்னும் வினா சேலம், நாமக்கல் மாவட்டத்து வீடுகளில் பல் விளக்கும் முன்னரே எழுந்துவிடுகிறது. விடை சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான் அறிஞர்களிடையே பூசல். அடுப்படியில் நிற்பவருக்கே என்பது நவீனர் கொள்கை. அவருடைய மாமியாருக்கு என்பது மரபுக் கொள்கை. சாப்பிட உட்காருபவருக்கு என்பது, சாப்பிட உட்காருபவரைத் தவிர வேறு ஒருவரும் ஏற்காத கொள்கை. இம்மூன்றையும் மறுத்து, அந்த அதிகாரம் பொடக்காலியில் (புழக்கடைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) நிற்கும் மரஞ்செடிகளிடமே இருக்கிறது, மற்றவர்களெல்லாம் அவற்றின் குமாஸ்தாக்கள் என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுப் பரப்பை முதலில் வரையறுப்போம். 1997 ஜனவரி முதல் தேதி சேலம் மாவட்டத்தைப் பிரித்து நாமக்கல் மாவட்டம் அமைத்தபோது அதிகாரிகள் அனைவருக்கும் ஆணை போயிற்று. முருங்கை மரங்களுக்குப் போனதாகச் சான்றில்லை. ஆகவே இரண்டையும் ஒரே புலமாகக் கொள்கிறோம். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் இதில் சேரா. பனியும் மழையும் தாமாக வந்து உபசரிக்கும் இடத்தில் மிளகுக்கொடி ஏறுவதில் ஆய்வாளருக்கு என்ன வேலை? சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில், கடப்பாரை இறங்க மறுக்கும் மண்ணில், மதில் சுவருக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவே கிடைக்கும் அரை சென்ட்டில் ஒரு கருவேப்பிலைக் கன்று பிழைத்து நிற்பதுதான் ஆராயத்தக்கது.

அது பிழைப்பதற்குக் காரணம் நீரியல். இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. கிளம்புகிற ஊரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இந்தச் சீமையில் செடிக்கென்று தனியாகத் தண்ணீர் விடுகிறவரை அக்கம்பக்கம் ஊதாரி என்றே எண்ணும். செடி குடிப்பது இரண்டாங்கைத் தண்ணீர். சேலம் நகரத்துக்குக் குடிநீர் மேட்டூரிலிருந்து வருகிறது. 1934இல் திறந்த அணையில் தேங்கி, குழாய் வழியே ஊர் வந்து, சிமெண்டுத் தொட்டியில் முறை வரும்வரை காத்திருந்து, அரிசி களைந்து முடித்த காவிரிதான் கருவேப்பிலை வேரைத் தொடுகிறது. பாத்திரம் கழுவிய காவிரி வாழைக்குப் போகிறது. தஞ்சாவூர் போக வேண்டிய தண்ணீர் எங்கள் ரசத்தில் வாசமாகிறது; டெல்டாக்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் முதல் தேற்றம்: பொடக்காலியில் எது எங்கே நிற்கும் என்பதைக் கழுவுத்தண்ணீர் ஓடும் வாட்டமே தீர்மானிக்கிறது. விளக்குகிற இடத்தை ஒட்டி வாழை, அதற்கு மேற்புறம் கருவேப்பிலை, ஒரு சொட்டும் எட்டாத மூலையில் பிரண்டை. முருங்கை, ஒடித்துக் கொண்டுவந்த போத்து எங்கே ஊன்றப்பட்டதோ அங்கே. வாஸ்து நூல்கள் தென்மேற்கு, வடகிழக்கு என்று பேசுகின்றன. கள ஆய்வில் தெரியவந்தது, கொத்தனார் வைத்த சரிவுதான்.

இனி அளவைகள். பொடக்காலி விளைச்சலைக் கிராமில் அளக்க முயன்ற ஆய்வு எதுவும் உருப்படாது. இங்கே அலகுகள் இணுக்கு, கொத்து, கைப்பிடி, முந்தானை என ஏறுவரிசையில் அமைந்தவை. "ஏனுங்கக்கா, ரெண்டு இணுக்கு கருவேப்பிலை பறிச்சுக்கட்டுங்களா?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும்போது, இரண்டு என்பது எண் அல்ல, பணிவு. "அதுக்கென்ன கேக்கோணுமா, பறிச்சுக்க கண்ணு" என்ற விடை கிடைத்ததும் பறிக்கப்படுவது கைப்பிடி. உடையவர் வெளியூர் போயிருந்தால் முந்தானை. இந்தக் கடன் கருவேப்பிலையாக ஒருபோதும் திருப்பித் தரப்படுவதில்லை. இட்லி மாவாக, கொழுக்கட்டையாக, மகள் வளைகாப்பின் கலவை சாதமாக வந்து சேர்கிறது. வட்டி விகிதம் கணிக்க இயலாதது.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்கக் கூடாது. ஆனால் இரவு உப்புமா தாளிக்க வேண்டிய அவசரத்துக்கு ஒரு புறவழியைப் பெண்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: மதியமே பறித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தது செடி அல்ல, சரக்கு. சரக்கை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் கருவேப்பிலை பட்டுப்போகும் என்னும் இன்னொரு விதியும் புலத்தில் வழங்குகிறது. பட்டுப்போனதாகச் சொல்லப்படும் செடிகளின் அடியைத் தோண்டினால் தண்ணீர் தேங்கி அழுகிய வேர் கிடைக்கும். தண்ணீரை அளவில்லாமல் ஊற்றியவர் பெரும்பாலும் வீட்டு ஆண். இதைப் பற்றி விதி எதுவும் இல்லை.

கருவேப்பிலை பற்றிய முந்தைய ஆய்வுகளில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்த கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் பெயரைச் சேர்த்து லின்னேயஸ் இந்த மரத்துக்கு 1771இல் பெர்கேரா கோனிகி என்று பெயரிட்டார். பிறகு வந்தவர்கள் அதை முர்ரயா என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பெர்கேரா என்றே திருப்பிவிட்டார்கள். இத்தனை கலவரத்திலும் எங்கள் தெருவில் அது பட்டா மாறாமல் நிற்கிறது. மரம் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தாவரவியலார் கண்டது மட்டும் பயனுள்ளது. எலுமிச்சை இலையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, பறவை எச்சமாக வேடமிட்டு இதிலும் உட்கார்ந்திருப்பது ஏன் என்பது அதனால் விளங்குகிறது. வெள்ளெழுத்துக் கண்ணோடு தாளிப்பவர்கள் கவனிக்க.

பறிக்கும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. கிளையை விட்டுவிட்டு ஈர்க்கை மட்டும் கிள்ளுவது சிக்கனப் பள்ளி. நுனியோடு கொப்பை ஒடிப்பது தாராளப் பள்ளி. முதல் பள்ளியார் இரண்டாம் பள்ளியாரை மரத்தைக் கொல்பவர்கள் என்பார்கள். ஆனால் நுனிக் கொழுந்து ஒடிந்தால்தான் பக்கக் கிளை வெடிக்கும். கிள்ளிக் கிள்ளிச் சிக்கனம் பிடித்த மரம் மொட்டைக் கொம்பாக மாடிக்கு ஏறி, ஏணி வைத்தால்தான் ரசம் என்ற நிலைக்கு வந்துவிடும். ஆகவே தெருக்காரர்கள் தினமும் ஒடிப்பது கொள்ளையல்ல, பராமரிப்பு. கடைசியாகப் புளித்த மோர். கருவேப்பிலைக்கு என்ன குறை என்று கேட்டாலும் அதன் அடியில் இதை ஊற்றச் சொல்வார்கள். ஊற்றலாம், ஆனால் இந்த வெயிலில் மோர் மிஞ்சும் வீட்டைக் கண்டுபிடிப்பதே முதல் சிரமம்.

ஆய்வின் மையப் பகுதி முருங்கை. மற்ற செடிகள் ஆலோசனை சொல்பவை. முருங்கை ஆணையிடுவது. பங்குனியில் பிஞ்சு விட்டு, சித்திரை வைகாசியில் மரம் முழுக்கத் தொங்கத் தொடங்கியதும் குடும்பத்தின் உணவுச் சுதந்திரம் ரத்தாகிறது. முதல் நாள் முருங்கைக்காய் சாம்பார், வீடே மணக்கிறது. மறுநாள் புளிக்குழம்பு. அடுத்து மாங்காயோடு, கத்தரிக்காயோடு, கருவாட்டோடு. பிறகு பூவைப் பருப்பில் போட்டு ஒரு பொரியல். மண்சட்டியில் மத்தால் கடைந்த கீரை ஒரு வேளை. வாரம் முடியும்போது பிள்ளைகள் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் நாமக்கல் தன் முத்திரையைப் பதிக்கிறது: நாடெங்கும் முட்டை அனுப்புகிற ஊரில், முருங்கைக்கீரையை வதக்கி முட்டையை உடைத்து ஊற்றிய பொரியலைக் கண்டதும் சுவரைப் பார்த்த கண்கள் தட்டுக்குத் திரும்புகின்றன. ஆனால் அதுவும் முருங்கையின் வெற்றியே. முட்டை வெறும் தூதன்.

அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாமே என்பார்கள் நகரத்து வாசகர்கள். அங்கேதான் பொடக்காலிப் பொருளாதாரத்தின் கொடிய விதி குறுக்கிடுகிறது: உங்கள் மரம் காய்க்கும்போது எல்லார் மரமும் காய்க்கும். நீங்கள் ஒரு கட்டோடு அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஒரு கட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பார். மார்கழியில் சந்தையில் ஒற்றைக் காயின் விலையைக் கேட்டு மயங்கும் நாளில், அதே மரத்தில் கம்பளிப்பூச்சி தவிர வேறொன்றும் இராது. தீப்பந்தம் கட்டிய மூங்கிலோடு வீட்டுக்காரர் அண்ணாந்து நிற்பார்.

உபரிக்கு ஒரே வழி ஏற்றுமதி. பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதற்கென்றே ஏற்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டியின் மேல்தட்டைப் பார்த்தால், மடிக்கணினிப் பைகளுக்கு நடுவே செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். "எனக்கு வேண்டாம்மா" என்று சொன்னவன் பையிலும் இருக்கும். அவன் அதை அலுவலக நண்பர்களுக்குக் கொடுப்பான். அவர்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார்கள் என்பது திங்கட்கிழமைதான் தெரியும்.

மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நீட்டிய கிளையின் சட்ட நிலை என்ன? புலத்தில் வழங்கும் எழுதாச் சட்டம் தெளிவானது. அந்தக் கிளையின் கீரை அடுத்த வீட்டாருக்கு. காய் மரத்துக்காரருக்கு. உதிர்ந்த சருகு அடுத்த வீட்டாருக்கு. ஆடிக் காற்றில் கிளை முறிந்து அஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழுந்தால் அது ஆண்டவன் செயல். கம்பளிப்பூச்சி பொதுச்சொத்து.

எவரும் நடாமல் வருகிற கீரைகளை இதுவரை அரசு நலத்திட்டம் எதுவும் கணக்கில் எடுத்ததில்லை. சுக்குட்டிக் கீரையை (வெளியூரார் மணத்தக்காளி என்பது இதையே) விதைப்பவை பறவைகள். பழத்தைத் தின்று மதில்மேல் உட்கார்ந்து முறைப்படி நாட்டுகின்றன. வாய்ப்புண் வந்தால்தான் அதைத் தேடுவார்கள் என்பதை அவை பொருட்படுத்துவதில்லை. இதே வரிசையில் ஒரு மருத்துவக் கட்சியும் உண்டு. வீட்டில் ஒருவர் தும்மினால் கற்பூரவல்லி ரசம், இருமினால் தூதுவளை, முட்டி வலி என்று முனகினால் முடக்கத்தான் தோசை, பசிக்கவில்லை என்றால் பிரண்டைத் துவையல். மூலிகை வேண்டிக் கஞ்சமலைக்குப் போகிற ஊர் இது. ஆனால் நோயாளி மலையேறித் திரும்புவதற்குள் பாட்டி மதில் ஓரத்திலேயே சிகிச்சையை முடித்துவிடுகிறார். பிரண்டையை நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவ மறந்தவர்களுக்கு அன்று முழுக்க வேறு நோய் நினைவுக்கு வராது. அந்த வகையில் அது பெரும் மருந்துதான். தூதுவளையை முள் நீக்காமல் அரைத்தவர்களும் இதையே சாட்சி சொல்வார்கள்.

புதினாவும் கொத்தமல்லியும் தொட்டியில் வளர்வன. அதாவது பெயிண்ட் வாளி, உடைந்த பிளாஸ்டிக் குடம், நாமக்கல் பக்கமென்றால் பாதியாக அறுத்த லாரி டயர். இலை கிள்ளிய புதினாத் தண்டை ஊன்றினால் துளிர்க்கும் என்பதால் அதைக் காசு கொடுத்து வாங்குவது ஒரே ஒருமுறைதான் என்பது கோட்பாடு. நடைமுறையில், சேலத்துக்காரர்களுக்கு மாலையானால் தட்டுவடை செட் வேண்டும். அதன் பச்சைச் சட்னிக்குப் புதினாவும் மல்லியும் கட்டுக்கட்டாய் வேண்டும். பெயிண்ட் வாளி தரும் எட்டு இலையால் ஒரு தட்டுவடையின் நடுப்பகுதியைத்தான் நனைக்க முடியும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காத காரணத்தால் எத்தனை பேர் வெறும் மண்ணுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. கோழிப்பண்ணை எருவை மக்கவிடாமல் அப்படியே அள்ளிப் போட்டுச் செடியைக் கருக்கியவர்களையும் அதிலேயே சேர்க்கலாம்.

இறுதியாக ஒரு மறுப்பு. பொடக்காலிக்கு அவ்வளவு அதிகாரம் இருக்குமானால், மரமுள்ள வீட்டார் ஏன் சந்தையில் கருவேப்பிலைக் கொசுறு கேட்டுச் சண்டையிடுகிறார்கள்? கேள்வி வலுவானது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் ஒவ்வொரு நாளும் பலகையில் காய்கறி விலையை எழுதிப்போடுகிறார்கள். அதில் கொசுறுக்கு வரி இல்லை. விலையில்லாததால் அதைப் பேரம் பேசவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. காரமடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் கொசுறு இலை அகலமாய், பளபளப்பாய் இருக்கும். வீட்டு இலை சிறுத்து, ஆங்காங்கே ஓட்டையோடு, ஆனால் கையில் கசக்கினால் தெருமுனைவரை மணக்கும். எது உயர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இருந்தும் சூரமங்கலம் உழவர் சந்தையில், அரைக் கிலோ தக்காளி வாங்கிய ஓர் அம்மாள் நகராமல் நின்றார்.

"உங்க வூட்லதான் மரமே நிக்குதேங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"அது வேறீங்க, இது வேற. போடுங்க ரெண்டு இணுக்கு."