ஒரிஜினல் அப்பா

"ஒரிஜினலா?"

இந்த ஒரு சொல்லிலேயே ஆள் யாரென்று உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு பழைய சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு, பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு, "பாப்பாவும் நானும் சேந்து செய்யிற ப்ராஜெக்ட் சார்" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லும் அப்பா. மஞ்சக்குப்பத்தில் ஒருவர் இருக்கிறார், சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒருவர் இருக்கிறார், உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்தால் அவருக்கும் அதையே சொல்லிக்கொள்கிறேன்.

சைக்கிள் சாதாரணமானதாக இருக்கக்கூடாது. ஹெர்குலிஸ், அட்லஸ் என்றால் இந்த வகை அப்பாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நம்மவரிடம் இருப்பது இங்கிலாந்தில் செய்த ஹம்பர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் மாமனாரின் தகப்பனார் ஓட்டியது. சிதம்பரத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்கடியில் கிடந்த அதை, 2011 டிசம்பரில் தானே புயல் கொட்டகையைப் பிரித்துப் போட்டு வெளியே எடுத்துக் கொடுத்தது. 28 அங்குலச் சக்கரம். மற்ற சைக்கிள்களின் முன் ஃபோர்க்குக்கு இரண்டு கால் என்றால் இதற்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பெடல் சக்கரத்தில் ஐந்து குட்டி மனிதர்கள் வட்டமாக நிற்பது போல இரும்பை வெட்டியிருப்பார்கள். சிதம்பரத்தில் ஒருத்தர் ஆடுறது போதாதுன்னு இவரு அஞ்சு பேரக் கூட்டியாந்திருக்காரு என்பது அவர் மனைவியின் விமர்சனம்.

பின்சக்கர ஹப்பில் மூன்று கியர். ஸ்டர்மி ஆர்ச்சர்காரர்கள் தயாரித்த ஆண்டையும் மாதத்தையும் ஹப்பின்மேலேயே குத்தி அனுப்புவார்கள். மகளின் பிறந்த தேதியை ஆதார் அட்டையைப் பார்த்துச் சொல்கிறவர், ஹப்பின் பிறந்த மாதத்தை மட்டும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்: 1951 நவம்பர். "ஹம்பர் சைக்கிள 1932லயே ராலேக்காரன் வாங்கிட்டான் சார். இது நாட்டிங்காம் சரக்கு." நாட்டிங்காமை அவர் நெல்லிக்குப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரிச் சொல்வார்.

சரி, சைக்கிளை ஓடவைக்க என்ன வேண்டும்? ட்யூப், டயர், செயின், கொஞ்சம் பால்ரஸ், பிரேக் கட்டை. திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். ஆனால் ஒரிஜினல் அப்பா கடைக்குப் போவது சாமான் வாங்க அல்ல, கேள்வி கேட்க. பெடல் ரப்பரைக் கையிலெடுப்பார், திருப்புவார், முகர்வார், "ஒரிஜினலா?" என்பார். லூதியானா சரக்கு என்று தெரிந்ததும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு திரும்ப வைத்துவிடுவார். இப்போதெல்லாம் அவர் தலையைத் தெருமுனையில் கண்டதும் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுகிறார், காலை பத்து மணியானாலும். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைக்கும் போவார். பழைய ஆங்கிலேய ஸ்பானர், கண்ணாடி போன டைனமோ விளக்கு, யார் வீட்டுப் பூட்டுக்கோ ஆன சாவி இவற்றோடு திரும்புவார். என் பைக்கில், என் பெட்ரோலில்.

சாமான் போகட்டும். துருவிலும் ஒரிஜினல் உண்டு என்பதை இவரிடம்தான் அறிந்தேன். ஒருநாள் அந்தப் பெண் உப்புத்தாளை எடுத்து மட்கார்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டாள். மனிதர் பதறிப்போனார். "பாப்பா! அது ஒரிஜினல் துரு!" சிதம்பரத்தில் பிடித்தது ஒரிஜினலாம், கடலூருக்கு வந்தபின் உப்புக்காற்றில் பிடித்தது டூப்ளிகேட்டாம். முதலாவதைக் காப்பாற்றவேண்டும், இரண்டாவதைத் தேய்த்து எடுக்கலாம். இரண்டுக்கும் எல்லைக்கோடு அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

புவனகிரியில் முன்பு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெடல் அச்சு கடகடவென்று ஆடியது. பெரியவர் தன் டப்பாவைக் கிளறி ஒரு கப்பை எடுத்து மாட்டிப் பார்த்தார். ஒரு சுற்று ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. மற்ற ஆங்கிலேய சைக்கிள்களில் அந்த இடத்து மரை அங்குலத்துக்கு 24 சுற்று. ராலே தொழிற்சாலை மட்டும் தனக்கென்று 26 வைத்துக்கொண்டது. வேறு எவன் சாமானும் ஏறாது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்துக்கொள்ளும் இடம் இது. நம்மவர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா, சேரல! அப்ப இது ஒரிஜினல்தான்!"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "சேரலைன்னு சந்தோஷப்படுற ஆள இப்பத்தான் தம்பி பாக்குறேன்."

வீட்டுக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழற்றிய பால்ரஸ்கள் அஞ்சறைப் பெட்டிக்குக் குடிபோயின. ரசத்தில் கடுகோடு ஒன்று மிதந்திருந்தால் பரவாயில்லை, அது அடியில் தங்கி மாமியாரின் பல்லில் அகப்பட்டது. "கேளுங்கண்ணே" என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது: "அது பத்திரமா? ஒரிஜினல்!" பல்லைப் பற்றி விசாரணை இல்லை.

செயின் கவரில் வந்தது தர்மசங்கடம். முழுசாக மூடுகிற ஒரிஜினல் கவரை மாட்டினால் ஐந்து மனிதர்களும் உள்ளே மறைந்துபோவார்கள். மாட்டாவிட்டால் பெண்ணின் சுடிதார் செயினில் சிக்கும். இதை அவர் ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். தீர்ப்பு ஐந்து மனிதர்களுக்குச் சாதகமாக வந்தது. "பாப்பா, நீ பேண்ட் போட்டுக்கோ."

சைக்கிள் முடிந்ததும் அப்பாவும் மகளும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு அதிலேயே போய்க் கீழவீதியில் தேர் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனித் திருமஞ்சனத்துக்கு என்பார். ஆனி போனால் மார்கழி ஆருத்ராவுக்கு என்பார். ஆண்டுக்கு இரண்டு முறை மூலவரான நடராஜரே சன்னதியை விட்டுத் தேரேறி நான்கு வீதியும் வந்துவிட்டுப் போகிறார். ஹம்பர் திண்ணையை விட்டு இறங்கவில்லை. அதுவரைக்கும் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு நடராஜா சர்வீஸ்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கிய வேலை இது. சேர்ந்து செய்கிற வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. இத்தனை காலத்தில் அவள் தன் கையால் ஒரு நட்டை முறுக்கி நான் பார்க்கவில்லை. டார்ச் பிடித்தாள். துணி எடுத்துக் கொடுத்தாள். "தொடாத, மரை போயிடும்" என்பதைக் கேட்டாள். நீலப் பெயிண்ட் அடிக்கலாமாப்பா என்று ஒரே ஒருமுறை கேட்டாள். நாட்டிங்காமில் கறுப்புத்தான் அடித்தார்கள் என்று ஒரு சொற்பொழிவு கிடைத்தது. பிள்ளையோடு பொழுது போக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் பொழுதைப் போக்குவது சுத்த அநியாயம். இதை நான் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "டார்ச்சக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க" என்றார்.

பதினொன்றாம் வகுப்பு வந்தது. அரசுப் பள்ளியில் விலையில்லா மிதிவண்டி கொடுத்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம் அது. அவள் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, ஹம்பருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டாள். தோழியின் வண்டியில் எப்போதோ ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல எதுவுமே ஒரிஜினல் இல்லியே பாப்பா."

"எல்லாமே ஒரிஜினல்தாம்பா. இப்பத்தான செஞ்சிருக்காங்க."

புது வண்டி எதுவானாலும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு ஓட்டுவதுதான் நல்லது. அவர் தன் ஆங்கிலேய ஸ்பானரைப் பெருமையாக நீட்டினார். அளவு சேரவில்லை. அவள் லாரன்ஸ் சாலைக்குப் போய்த் தானே ஒரு பத்து நம்பர் ஸ்பானர் வாங்கிவந்தாள். செயின் தளர்ச்சி, பிரேக் இறுக்கம், சக்கரக் கோட்டம் எதையும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டார்ச் பிடித்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை போலிருக்கிறது. இப்போது அவள் வகுப்புப் பெண்களின் செயின் கழன்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். இதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை, ஆனாலும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில நாளாக அவள் வண்டியில் கனத்த நிக்கல் பெல் ஒன்று ஒலிக்கிறது. தெருமுனை வரை கேட்கும் கணீர் ஓசை. ஹம்பரில் எந்தப் பழுதும் இல்லாமல் மிஞ்சியிருந்த பாகம் அது ஒன்றுதான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சும்மாதான கெடந்துச்சு" என்று சொல்லிச் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். ஹம்பருக்குப் பின்பிரேக் கம்பி இன்னும் கிடைக்கவில்லை. மகனுக்கு இப்போது ஐந்து வயது முடிகிறது. நெல்லிக்குப்பத்தில் யாரோ ஒருவர் வீட்டில் பெடல் சக்கரத்தில் விரித்த கையோடு ஒரு ரட்ஜ் சைக்கிள் கிடப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்திருக்கிறது. "தம்பியும் நானும் சேந்து செய்யப்போறோம்" என்கிறார். அந்த நெல்லிக்குப்பத்து அன்பருக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: இன்று ராத்திரியே, சத்தமில்லாமல், பழைய இரும்புக்காரரிடம் அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். வண்டிக்கூலியை நான் தருகிறேன்.