நடுவட்டத்தில் மலைச் சைக்கிள்: ஒரு திணை மயக்க ஆராய்ச்சி

கூடலூரிலிருந்து நடுவட்டத்துக்கு ரோடு பைக்கில் மூச்சிரைக்காமல் ஏறி வருபவரை இக்கட்டுரை 'சாலையர்' என்று வழங்கும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணத்தில், கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் கால் ஊன்றாமல் ஏறியவர் என்றால் 'பழுத்த சாலையர்'. சைக்கிளில் எந்தத் திருகு எத்தனை கிராம் என்று அவருக்கு மனப்பாடம். தன் எடையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே செம்மண் தடம் ஒன்று வளைந்து போவதைப் பார்த்துவிடுகிறார். காய்ச்சல் அங்கே தொற்றுகிறது. நடுவட்டத்தில் 1860களிலேயே அரசு சின்கோனா பயிரிட்டது; அதன் பட்டையில்தான் கொய்னா இருக்கிறது. ஆனால் இந்தக் காய்ச்சல் அந்தப் பட்டைக்குக் கேட்காது.

மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். சைக்கிள் வாங்கும் துறையிலோ, பாலைக்குரிய பிரிவு முந்திக்கொள்கிறது. பிரிவது பணம். அடுத்து மருதத்து ஊடல்: "ஏற்கெனவே ரெண்டு நிக்குது, மூணாவது எதுக்கு?" தேவையான சைக்கிள் எத்தனை எனின், இருப்பதோடு ஒன்று என்பது உலகச் சைக்கிள்காரர் கொள்கை. வீட்டில் இது செல்லுபடியானதாகச் சான்று இல்லை.

சக்கர அளவு குறித்த சர்ச்சை நீளமானது, பயன் சிறிது. மலைச் சைக்கிள்காரர் 29 அங்குலம் என்பதும் சாலையர் 700சி என்பதும், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டத்தால் ஒன்றே: 622 மி.மீ. இதை அறிந்ததும் 'பழைய வீலையே மாட்டிக்கொள்ளலாமே' என்று சாலையர் மகிழ்வார். ஹப்பின் அகலம் ஒத்துவராது என்று மெக்கானிக் சொல்லும்வரை அந்த மகிழ்ச்சி நிற்கும்.

கியர் இயல் சற்று விரிவாக ஆராயத் தக்கது. சாலையரின் மிக இலகுவான கியர் முன்னால் 34 பல், பின்னால் 28 என்று கொள்க. பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். மலைச் சைக்கிளில் 32க்கு 51. நகர்வது ஏறத்தாழ 1.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு நடக்கும் பெண்ணும் ஏறக்குறைய அதே வேகம்தான். அவருக்கு மூச்சு வாங்காது, பேச்சும் நிற்காது. ஆகவே கியர் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குவது பேதைமை. கடைசிப் பல்லைக் கேட்டு வாங்குக.

பிரேக்குக்கு வருவோம். 1976 அக்டோபர் 21 அன்று கலிஃபோர்னியாவின் மேரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலைத்தடம் ஒன்றில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்துவிடும்; மறுபடி அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பேர். நடுவட்டத்திலிருந்து ஊசிமலை வழியாகக் கூடலூருக்கு இறங்குபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரிகளின் லைனர் கருகும் வாடையே பாடம். லாரிக்காரர் இரண்டாம் கியரில் இன்ஜினைப் பிடித்து இறங்குகிறார். சைக்கிள்காரருக்கு இருப்பது விரல்கள்தாம். எனவே ஹைட்ராலிக் டிஸ்க். முன்னால் 180 மி.மீ. ரோட்டர். இதில் மாற்றுக் கருத்துடையார் மழையில் ஒருமுறை இறங்கிவிட்டு வருக.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, எஸ்டேட் பாதைக்கு 100 முதல் 120 மி.மீ. ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது) போதும் என்பது நம் துணிபு. கடையில் சாலையர் முதலில் கேட்பதோ "இதுல லாக்அவுட் இருக்கா?" என்று. அதாவது, துள்ளுவதற்காகக் காசு கொடுத்து வாங்கியதைத் துள்ளாமல் நிறுத்தும் வழி. டயரிலும் இதே குணம். 2.25 அங்குல டயருக்கு 25 பி.எஸ்.ஐ. சொச்சம் காற்று போதும். சாலையர் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார், முகம் சுளிப்பார், 50 ஏற்றுவார். பிறகு பாதையில் பதித்த கற்களை அவர் பற்களே எண்ணிச் சொல்லும்.

இனி களம். சோலைக்காடு வனத்துறையினது, அனுமதியின்றி நுழைதல் குற்றம். எஸ்டேட் தடத்துக்கு மேனேஜர் சம்மதம் வேண்டும். அது கிடைத்தாலும் காட்டெருமையின் சம்மதம் தனி. அது தடத்தின் நடுவே நின்று அசைபோடும். பெல் அடித்து அவசரப்படுத்துதல் மரபன்று. இறங்கித் தள்ளலாமென்றால் மழைக்காலத்தில் ஷூவுக்குள் அட்டை. இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது தார் ரோடு. அதில்தான் நம் சாலையர், எட்டுக் கிலோ வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பதின்மூன்று கிலோ வண்டியில் லாக்அவுட் போட்டு ஏறிக்கொண்டிருக்கிறார்.

நடுவட்டம் டீக்கடையில் வண்டியைச் சாத்தினார். கடைக்காரர் ஃபோர்க்கை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். சாலையர் பாதி விலை சொன்னார்.

"அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் ஸ்ப்ளெண்டரே வருமே சார்?"

இதற்கு மறுப்பு தேடிவருகிறோம்.