கவர்னரை மிஞ்சிய சம்பளம்

கேள்வி: மௌனப் படத்தில் கொடிகட்டிப் பறந்த சுலோசனா, படம் பேசத் தொடங்கியதும் என்ன ஆனார்? (மாட்டுங்கா வாசகி)

பதில்: பேசுவதே வேலையான டெலிபோன் ஆபரேட்டராக இருந்து நடிக்க வந்தவருக்கு, பேச்சே வினையாக வந்தது!

இயற்பெயர் ரூபி மையர்ஸ். புனேயில் பிறந்த யூதப் பெண். 1925-ல் 'வீர் பாலா' படம். பிறகு, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' எடுத்த அதே இம்பீரியல் கம்பெனி. 1927-ல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் தோட்டக்காரர், போலீஸ்காரர், வாழைப்பழம் விற்பவர் என எட்டு வேடம் கட்டினார். 'நவராத்திரி' சிவாஜிக்கு 37 வருஷம் முன்பே! மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னரைவிட அதிகம் என்று ஊரே பேசியது.

பேசும் படம் வந்தபோது இந்துஸ்தானி வாயில் நுழையவில்லை. ஒரு வருஷம் ஒதுங்கி மொழி படித்து, 1932-ல் 'மாதுரி'யோடு திரும்பினார். அந்த வைராக்கியத்துக்கே எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

திரையில் ஜோடியான பில்லிமோரியாவோடு வாழ்க்கையிலும் காதல். அது முறிந்ததும் இருவருக்கும் வாய்ப்பு வற்றியது.

1928 மௌனப் படத்திலும், 1935 பேசும் படத்திலும் அவர்தான் அனார்கலி. 1953-ல் அதே கதையை மறுபடி எடுத்தபோது அனார்கலியின் காதலன் சலீமுக்குத் தாயாக நடித்தார். 1973-க்கான பால்கே விருது அவருக்குக் கிடைத்தது, ரொம்பத் தாமதம்.